தீவகத்தின் சுண்ணாம்புக்கல்: உயிர்ச்சுவடும் உயிர்நீரும்

ஊர்காவற்துறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் கிணறு வெட்டுவோருக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மேல்மண் மெல்லியது. சில அடி ஆழத்திலேயே மண்வெட்டி கல்லில் மோதும். அந்தக் கல்லைப் பிளந்தால் சிப்பியின் அச்சும் சங்கின் சுருளும் பவளத்தின் கண்களும் தென்படுவது வழக்கம். இவற்றைக் கண்ட மாணவர்கள் ஆசிரியர்களிடம் கேட்கும் முதற்கேள்வி, "இங்கே டைனோசர் எலும்பும் கிடைக்குமா?" என்பதாகும். திரைப்படங்களும் தொலைக்காட்சியும் ஊட்டிய ஆர்வம் அது. இக்கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால், யாழ்ப்பாணக் குடாநாடும் அதன் தீவுகளும் எவ்வாறு உருவாயின, அங்கு வாழும் மக்கள் எதைக் குடித்து வாழ்கின்றனர், இனி எவ்வளவு காலம் அவ்வாறு வாழ முடியும் என்ற வினாக்கள் வரை செல்ல வேண்டியிருக்கும். தொல்லுயிரியல் இங்கு ஏட்டுப்படிப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை. உயிர்ச்சுவடு பொதிந்துள்ள அதே பாறைதான் தீவக மக்களின் நன்னீரையும் தாங்கி நிற்கிறது.

பாறையின் இயல்பு

பாறைகளைப் புவியியலாளர் மூன்றாக வகுப்பர். உருகிய குழம்பு இறுகி உண்டானவை தீப்பாறைகள். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை உருமாறிய பாறைகள். நீரிலும் காற்றிலும் அடித்துவரப்பட்ட பொருள்கள் படிந்து இறுகியவை அடையற் பாறைகள். இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைமையான உருமாறிய பாறைகளால் ஆனது. அவை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், பல இடங்களில் அதற்கும் நெடுங்காலம் முன்னர், புவியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அத்தகைய பாறையில் உயிர்ச்சுவடு எதுவும் எஞ்சுவதில்லை. எஞ்சிய ஒரு பங்கே அடையற் பாறைகளைக் கொண்டது. அதில் மிகப் பெரிய பரப்பு வடக்கிலும் வடமேற்கிலும் அமைந்துள்ளது.

இந்த வடபுலப் பாறைக்கு 'யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்' என்று பெயர். குடாநாடு முழுவதும், தீவுகள் அனைத்தும், மன்னாரையும் கடந்து புத்தளத்துக்கு அண்மை வரை வடமேற்குக் கரையோரம் நெடுகிலும் இது பரந்து கிடக்கிறது. தென்கிழக்குக் கரையில் யால வனப்பகுதியைச் சார்ந்த மினிஹாகல்கந்தையில் இதே காலத்துக்குரிய அடையல்கள் தனியாகக் காணப்படுகின்றன. பாலாடை நிறமோ சாம்பல் கலந்த வெண்மையோ கொண்ட கடினமான கல் இது. பெரும்பாலும் திண்ணிய கட்டியாகவும் இடையிடையே உயிர்ச்சுவடு செறிந்த படையாகவும் அமைந்துள்ளது. ஏறத்தாழக் கிடையாகப் படிந்து, மேற்கு நோக்கிச் சற்றே சரிந்துள்ளது. குடாநாட்டில் இதன் தடிப்பு பொதுவாக 50 முதல் 90 மீற்றர் வரை எனக் கணிக்கப்பட்டுள்ளது. மேற்கே பாக்கு நீரிணைப் பக்கம் செல்லச் செல்ல அடையல்களின் தடிப்பு மிகுகிறது.

தீவுகளில் இரண்டு வகைக் கற்களை வேறுபடுத்திப் பார்த்தல் வேண்டும். அடியில் இருப்பது மேற்சொன்ன பழைய சுண்ணாம்புக்கல். கரையோரங்களில் அதன்மேல் கிடப்பது, அண்மைக் காலத்துப் பவளப்பார்களின் எச்சமாகிய பவளக்கல். இரண்டும் கல்சியம் காபனேற்றால் ஆனவை, இரண்டும் கடலுயிர்கள் விட்டுச் சென்றவை. ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்துள்ளன. ஊர்வழக்கில் இரண்டையும் ஒரே பெயரால் சுட்டுவதால் பல குழப்பங்கள் எழுகின்றன.

காலம் கணித்த கதை

இலங்கையின் பாறைகளை முறைப்படி ஆராயும் பணி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்துடன் ஆரம்பித்தது. அதன் முதற் பணிப்பாளர், பின்னாளில் கலை வரலாற்று அறிஞராக உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி ஆவார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான அவர் பயின்ற துறை புவிச்சரிதவியல் என்பதைப் பலர் அறியார். தோரியனைற்று என்னும் கனிமத்தை 1904ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. இன்று அந்தப் பணியின் வழித்தோன்றலாக விளங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்.

அதே அளவைப் பணியில் பின்னர் ஈடுபட்டவர் ஈ. ஜே. வேலண்ட். 1919ஆம் ஆண்டில் உகண்டாவுக்குச் சென்று அந்நாட்டின் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தை நிறுவியவரும் இவரே. இலங்கையில் அவர் திரட்டிய உயிர்ச்சுவடுகளை இலண்டனைச் சேர்ந்த தொல்லுயிரியலாளர் ஏ. மோர்லி டேவிஸ் ஆராய்ந்தார். இருவரும் இணைந்து 1923ஆம் ஆண்டில் இலங்கையின் மயோசீன் அடையல்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆவணமாக இன்றும் கொள்ளப்படுகிறது. பின்னர் கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல இந்தக் காலத்து உயிர்ச்சுவடுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பி. ஜி. குரே 1967ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட இலங்கைப் புவிச்சரிதவியல் அறிமுக நூல் வாயிலாக இந்தச் செய்திகள் மாணவர்களை எட்டின.

ஒரு பாறையின் வயதை அதிலுள்ள உயிர்ச்சுவட்டைக் கொண்டு கணிப்பது எவ்வாறு? ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும் வாழ்ந்து, பரந்த கடற்பரப்பில் பரவி, பின்னர் அற்றுப்போன உயிரினம் நாணயத்தில் பொறித்த அரசன் பெயரைப் போலப் பயன்படும். இரண்டு ஊர்களில் ஒரே அரசனின் நாணயம் கிடைத்தால் இரண்டும் ஒரே காலத்தவை என்று தொல்லியலாளர் முடிவு செய்வர். அதுபோல, யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லில் 'மலபாரிகா' என்னும் இனப்பெயர் கொண்ட ஒரு துளையுடலி காணப்படுகிறது. துளையுடலிகள் என்பவை சுண்ணாம்பு ஓட்டைக் கட்டிக்கொண்டு கடலில் வாழும் ஒற்றைக்கல உயிர்கள். இந்த இனத்தை எச். ஜே. கார்ட்டர் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலையாளக் கரையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரித்தார். கேரளத்தின் கொல்லம் சுண்ணாம்புக்கல்லிலும் அது உண்டு. ஆகவே கொல்லத்தின் கல்லும் யாழ்ப்பாணத்தின் கல்லும் ஒரே காலத்துக் கடலின் படிவுகள் என்பது தெளிவாயிற்று. அது மயோசீன் காலத்தின் முற்பகுதி, இன்றைக்கு ஏறத்தாழ 2 கோடி முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது.

டைனோசர்கள் எங்கே?

மாணவரின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பறவையல்லாத டைனோசர்கள் அனைத்தும் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அற்றுப்போயின. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் படிந்தது அதற்கு 4.5 கோடி ஆண்டுகளுக்குப் பின்னர். அன்றியும் அது கடலடியில் படிந்த கல். எனவே தீவகத்தின் மேற்பரப்புக் கல்லில் டைனோசர் எலும்பைத் தேடுவது பயனற்றது. அதில் கிடைக்கும் எலும்பு எதுவாயினும் அது மீனுக்கோ கடல்வாழ் பாலூட்டிக்கோ பிற்கால விலங்குக்கோ உரியதாகவே இருக்கும்.

டைனோசர்களின் தொடக்ககாலம் திரையாசிக் எனப்படும் காலப்பகுதி. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. ஆர்ஜென்டீனாவின் இசிகுவலாஸ்தோ பாறைகளிலிருந்து ஏறத்தாழ 23 கோடி ஆண்டுப் பழைமையான முதல் டைனோசர்கள் அறியப்பட்டுள்ளன. நமக்கு அருகில், தெலங்கானாவின் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில் மாலேரி என்னும் செம்மண் அடையற் பாறை உண்டு. அதிலிருந்து கிடைத்த சிறிய தொடக்ககால டைனோசர் ஒன்றுக்கு 1987ஆம் ஆண்டில் சங்கர் சட்டர்ஜி பெயரிட்டார். அந்தப் பெயர் முன்னரே வேறோர் உயிருக்கு வழங்கப்பட்டிருந்தமையால் 1994ஆம் ஆண்டில் 'அல்வாக்கேரியா மாலேரியன்சிஸ்' என மாற்றப்பட்டது. அதே பள்ளத்தாக்கில் மாலேரிக்கு மேலே, ஜூராசிக் காலத்துக் கோட்டா பாறையில் கிடைத்தது 'பாராபசாரஸ் தாகூரி' என்னும் பேருடல் கொண்ட தாவர உண்ணி. தாகூர் நூற்றாண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டமையால் கவிஞரின் பெயரைப் பெற்ற அது, 1975ஆம் ஆண்டில் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. அதன் எலும்புக்கூடு கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவன அருங்காட்சியகத்தில் நிறுத்தப்பட்டுள்ளது.

அந்தக் காலத்தில் இலங்கையும் இந்தியாவும் தனித்தனி நிலங்களாக இருக்கவில்லை. மடகாஸ்கர், ஆபிரிக்கா, அண்டார்ட்டிக்கா, அவுஸ்திரேலியா, தென்னமெரிக்கா ஆகியவற்றுடன் சேர்ந்து கொண்டுவானா என்ற பெருநிலத்தின் உறுப்புகளாக இருந்தன. ஆகவே கோதாவரிக் கரையில் உலவிய விலங்கு இலங்கையாக இன்று அறியப்படும் நிலத்திலும் உலவியிருக்கத் தடையில்லை. ஆனால் உலவியதற்கும் சுவடு எஞ்சியதற்கும் வேறுபாடு உண்டு. இறந்த உடல் விரைவில் மண்ணால் மூடப்பட வேண்டும். அந்த மண் பாறையாக வேண்டும். அந்தப் பாறை அரிக்கப்படாமல் இன்றுவரை நிலைக்க வேண்டும். அக்காலத்து இலங்கை பெரும்பாலும் உயர்ந்த நிலமாக, அரிக்கப்படும் நிலமாக இருந்தது. அடையல் சேரும் பள்ளங்கள் அங்கு மிகக் குறைவு.

அவ்வாறு அமைந்த ஒரு சிறு பள்ளமே புத்தளத்துக்குக் கிழக்கேயுள்ள தப்போவ. பிளவுகளுக்கிடையே தாழ்ந்துபோன நிலத்தில் ஜூராசிக் காலத்து மணற்கல்லும் களிக்கல்லும் அங்கே தப்பியுள்ளன. வேலண்ட் சேகரித்த இலைச்சுவடுகளை ஏ. சி. சீவார்ட், ஆர். ஈ. ஹோல்ட்டம் ஆகிய தாவரவியலாளர் இருவர் ஆராய்ந்து 1922ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பன்னங்களும் சைக்கசை ஒத்த தாவரங்களும் ஊசியிலை மரங்களும் அவற்றுள் அடங்கும். பின்னர் தெற்கே அண்டிகமவிலும் பல்லமவிலும் இதே காலத்து அடையல்கள் அறியப்பட்டன. இலங்கையில் டைனோசர் காலத்தை நேரில் காட்டும் பாறைகள் இவைதாம். யாழ்ப்பாணத்து மாணவரை அழைத்துச் சென்று காட்டத்தக்க அந்தக் காலத்துப் பாறை தப்போவவில்தான் உள்ளது. அங்கும் புகழ்பெற்றவை இலைச்சுவடுகளே.

தீவகத்தின் அடியில்

எனினும் தீவகத்துக்கும் டைனோசர் காலத்துக்கும் தொடர்பே இல்லை என்று கூறிவிட முடியாது. ஜூராசிக் காலத்தின் பிற்பகுதியில் கொண்டுவானா உடைந்துகொண்டிருந்தபோது, இந்தியாவின் தென்கிழக்குக் கரையோரம் நிலம் இழுபட்டுத் தாழ்ந்து நீண்ட பள்ளங்கள் உண்டாயின. தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கையின் வடமேற்கு வரை நீளும் இந்தத் தாழ்நிலமே காவிரி வடிநிலம் எனப்படுகிறது. அதன் தெற்குத் தொடர்ச்சி மன்னார் வடிநிலம். இவற்றில் கிரிட்டேசியஸ் காலம் முதல் இன்றுவரை அடையல்கள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. மயோசீன் சுண்ணாம்புக்கல் அந்த அடுக்கின் மேற்பகுதியே.

எண்ணெய் தேடியவர்கள் இந்த அடுக்குகளைத் துளைத்துப் பார்த்தனர். 1970களின் நடுப்பகுதியில் மன்னார்த் தீவின் பேசாலையில் சோவியத் உதவியுடன் துளைகள் இடப்பட்டன. 1976ஆம் ஆண்டில் மரத்தன் என்ற அமெரிக்க நிறுவனம் பாக்கு நீரிணையில் இரண்டு துளைகளை இட்டது. அவற்றுள் ஒன்று நெடுந்தீவின் ஐரோப்பியப் பெயரைத் தாங்கி 'டெல்வ்ற்–1' என வழங்கப்பட்டது. வணிக அளவில் எண்ணெய் எதுவும் கிடைக்கவில்லை. 2011ஆம் ஆண்டில் மன்னார் வடிநிலத்தில் இடப்பட்ட துளைகளில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது.

கடலுக்கடியில் புதைந்திருக்கும் இந்தக் கிரிட்டேசியஸ் அடுக்கு, இதே வடிநிலத்தின் தமிழக விளிம்பில் தரைக்கு மேலே தலைகாட்டுகிறது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் புகழ்பெற்ற உயிர்ச்சுவடுப் படுகைகள் அவைதாம். காரை, உத்தத்தூர், டால்மியாபுரம் முதலிய இடங்களில் அம்மோனைட்டுகள் என்னும் சுருள் ஓட்டு உயிர்களும், சாத்தனூரில் 18 மீற்றர் நீளமான கல்மரமும், கல்லமேடு என்னும் இடத்தில் டைனோசர் எலும்புகளும் கிடைத்துள்ளன. கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளைக் கொண்டு 1980களின் இறுதியில் 'புருகத்காயோசாரஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அந்த எலும்புகள் முறையாகப் பேணப்படாமல் சிதைந்து போயின. உலகின் மிகப்பெரிய விலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கக் கூடியது இன்று எலும்புகளின்றிப் பதிவுகளால் மட்டுமே அறியப்படுகிறது. அகழ்ந்தெடுத்தால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும் என்பதற்குத் தமிழ்நிலம் தந்த கசப்பான பாடம் இது.

கடல் தந்த நிலம்

மயோசீன் காலத்தில் இன்றைய வடபுலம் ஒளி ஊடுருவும் ஆழங்குறைந்த வெப்பக் கடலாக இருந்தது. பெரிய ஆறு எதுவும் சேறு கொண்டு வந்து கலக்காத தெளிந்த நீர். பவளங்கள், சிப்பிகள், சங்குகள், கடல்முள்ளிகள், சுண்ணாம்புப் பாசிகள், துளையுடலிகள் ஆகியவை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மடிந்தன. அவற்றின் ஓடுகளும் தூளும் படிந்து இறுகிக் கல்லாயின. இன்று வேலணையிலும் புங்குடுதீவிலும் வீட்டு மதிலாக நிற்பது ஒருகாலத்தில் உயிர்களின் உடலாக இருந்த பொருள்.

பின்னர் நிலம் உயர்ந்தது, கடல் பலமுறை ஏறியிறங்கியது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீற்றருக்கும் குறைவே. எனவே அன்று தீவகம் தீவகமாக இருக்கவில்லை. நெடுந்தீவிலிருந்து இராமநாதபுரம் வரை காலால் நடந்து செல்லத்தக்க சமவெளியாக அது இருந்தது. பனி உருகிக் கடல் ஏறிய பின்னரே, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில், மேடுகள் தீவுகளாகவும் பள்ளங்கள் பரவைக் கடலாகவும் பிரிந்தன. மண்டைதீவு, வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய அனைத்தும் ஒரே சுண்ணாம்பு மேடையின் துண்டுகள் ஆகும்.

கல்லுக்குள் நீர்

சுண்ணாம்புக்கல்லின் தனிப்பண்பு நீரில் கரைவது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது வெடிப்புகள் வழியே இறங்கிக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குழிகளையும் குகைகளையும் நிலக்கீழ்ப் பாதைகளையும் உண்டாக்குகிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறும், கடலோரத்தில் நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் இதன் விளைவுகளே. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாததற்கும் இதுவே காரணம். நீர் தரைமேல் ஓடாமல் தரைக்குள் இறங்கிவிடுகிறது.

இறங்கிய நீர் கல்லிடைவெளிகளில் தேங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதே இதன் சூத்திரம். ஒல்லாந்தரான பேடன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், செருமானியரான ஹெர்ஸ்பெர்க் 1901ஆம் ஆண்டிலும் தனித்தனியே விளக்கிய விதி இது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரம் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம் அச்சமூட்டுவது. மேலே கால் மீற்றர் நீரை இறைத்துத் தாழ்த்தினால், அந்த நிலை நீடிக்குமாயின், அடியிலிருந்து உவர்நீர் ஏறத்தாழ 10 மீற்றர் மேலெழும். கடல்மட்டத்துக்கு மேலே சில அங்குலமே நன்னீர் நிற்கும் சிறிய தீவில் இதன் விளைவு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

குடாநாட்டில் வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்துறை என நான்கு முதன்மை நீர்ப்படுகைகள் உள்ளன. அவற்றுள் ஊர்காவற்துறைப் படுகை மெல்லியது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றில் நன்னீர் இன்னும் குறைவு. நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகளே நெடுங்காலமாகக் குடிநீருக்குப் பெயர்பெற்றவை. ஏனைய பல கிணறுகள் கோடையில் உவர்த்துவிடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான வடகீழ்ப் பருவத்தில் பெய்கிறது. அந்த மூன்று மாதச் சேமிப்பைக் கொண்டே மீதி ஒன்பது மாதங்களையும் கழிக்க வேண்டும்.

முன்னோர் இந்த வரம்பை அறிந்திருந்தனர். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு எவ்வளவு தருமோ அவ்வளவே எடுக்கப்பட்டது. ஆளின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்தக் காவல் நீங்கியது. அதனுடன் இரசாயன உரத்தின் நைத்திரேற்றும், மலசலகூடக் குழிகளின் கசிவும், எண்ணெய்க் கழிவும் சேர்ந்தன. மணற்பாங்கான நிலத்தில் மண் ஓரளவு வடிகட்டும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வடிகட்டுவதில்லை. மேலே ஊற்றியது சில நாளில் கிணற்றுக்குச் சென்றுவிடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் கவலையாக எழுந்தபோது, அதன் பின்னணியில் இருந்ததும் இந்தக் கல்லின் இயல்பே.

வடமராட்சி கிழக்கின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஆலைநீர் மின்சாரத்தையும் பணத்தையும் குழாயையும் நம்பியது. படகேறிச் செல்ல வேண்டிய தீவுகளுக்கு அது முழுத் தீர்வாக முடியாது. கல்லுக்குள் இருக்கும் நீரைக் கைவிட்டுவிட்டு ஆலையை மட்டும் நம்புவது அறிவுடைமை ஆகாது.

கல்லால் ஆன வாழ்வு

தீவகத்தின் வரலாறே இந்தக் கல்லில் எழுதப்பட்டது. நெடுந்தீவின் ஐரோப்பியர் காலக் கோட்டையும், ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டையும் பவளக்கல்லால் ஆனவை. நெடுந்தீவில் சாந்தின்றி அடுக்கப்பட்ட கல்வேலிகள் காணியெல்லைகளாக இன்றும் நிற்கின்றன. மரம் அரிதான, மண் மெல்லிய நிலத்தில், நிலத்தைக் கொத்தும்போது கிளம்பிய கல்லையே வேலியாக்கிய மக்களின் அறிவு அது. அதே தீவில் 'வளரும் கல்' என்றும், 'பெரிய பாதம்' என்றும் மக்கள் போற்றும் இடங்கள் உண்டு. கடல்நீரை விட்டு வெளிவந்த பவளம் வளர இயலாது. சூழவுள்ள மென்மையான பகுதி அரிபடும்போது கடினமான பகுதி உயர்ந்துவருவது போலத் தோற்றும். சுண்ணாம்புக்கல்லில் மழைநீர் பலவடிவக் குழிகளைக் குடைவதும் இயல்பே. எனினும் கல்லில் உயிரின் அடையாளத்தைக் கண்ட மக்களின் உள்ளுணர்வை எள்ளி நகையாட வேண்டியதில்லை. அந்தக் கல் உயிரால் ஆனது என்பதில் அவர்கள் கண்டது உண்மையே.

கல்லைப் பெருமளவில் அகழ்ந்தது சீமெந்துத் தொழிலே. காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டில் தொடங்கிய அரச சீமெந்துத் தொழிற்சாலை, குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு நாட்டின் கட்டுமானத்துக்கு உதவியது. ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வளித்தது. போர்ச்சூழலில் 1990ஆம் ஆண்டில் அது நின்றுபோயிற்று. அது விட்டுச்சென்ற ஆழமான கற்குழிகள் இன்றும் உள்ளன. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வீடுகளும் வீதிகளும் எழும்பும்போது கல்லுக்கான தேவை மீண்டும் பெருகியுள்ளது. தொழில் வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. ஆனால் இந்தக் கல் வேறிடத்துக் கருங்கல்லைப் போன்றதன்று. அது நீர்த்தொட்டியின் சுவர். அதை நீர்மட்டம்வரை அகழ்ந்தால் நன்னீர் வெயிலில் ஆவியாகும், கழிவு நேரடியாகக் கலக்கும், கடலருகாயின் உவர் புகும். அகழ்ந்த கல்லை எந்த அனுமதியாலும் மீண்டும் வைக்க முடியாது.

செய்ய வேண்டியவை

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள்கள் சட்டத்தின்படி கல்லகழ்வுக்கு அனுமதி அளிக்கும் அதிகாரம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடம் உள்ளது. தீவகத்திலும் குடாநாட்டிலும் அனுமதி வழங்குமுன், அந்த இடத்து நீர்மட்டத்தையும் கடலிலிருந்து உள்ள தூரத்தையும் அளந்து, அகழத்தக்க ஆழத்துக்கு எல்லை விதித்தல் வேண்டும். அந்த எல்லை அவ்வூர் மக்களுக்குத் தமிழில் அறிவிக்கப்படுதலும் வேண்டும். எல்லை எது என்று அறியாத மக்கள் அதை மீறுவோரைக் கேள்வி கேட்க முடியாது.

இரண்டாவதாக, மழைநீரைக் கல்லுக்குள் அனுப்பும் பழைய வழிகளைப் புதுப்பிக்க வேண்டும். தூர்ந்துபோன குளங்களும் கேணிகளும் துரவுகளும் தீவகமெங்கும் உள்ளன. போரால் மக்கள் இடம்பெயர்ந்த ஆண்டுகளில் பல பேணப்படாமல் போயின. அவற்றைத் தூர்வாருவதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. 1954ஆம் ஆண்டில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தின் அடிப்படையும், கடலுக்கு வீணே செல்லும் மழைநீரைத் தடுத்து நிலத்துக்கு ஊட்டுவதே. பெரிய திட்டம் முடியும்வரை சிறிய குளங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, உயிர்ச்சுவடுகளைப் பதிவு செய்தல் வேண்டும். கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் கற்குழியிலும் நாள்தோறும் சுவடுகள் வெளிப்பட்டு நொறுக்கப்படுகின்றன. தீவகப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஓர் அலுமாரி போதும். கிடைத்த இடம், ஆழம், நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டிய பத்துக் கற்கள், இடமறியாத நூறு கற்களைவிட ஆய்வுக்குப் பயன்படும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இவற்றை அடையாளங்கண்டு பட்டியலிட வழிகாட்டலாம். வேலண்டும் டேவிசும் ஆராய்ந்து 100 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவர்களுக்குப் பின் எத்தனையோ கிணறுகள் வெட்டப்பட்டுவிட்டன. அவற்றிலிருந்து வெளிவந்த சான்றுகளில் எவ்வளவு நம் கையில் எஞ்சியுள்ளது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

டைனோசர் இல்லை என்ற விடை மாணவருக்கு முதலில் ஏமாற்றம் தரக்கூடும். ஆனால் டைனோசரின் எலும்பு அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்ப்பதற்கு உரியது. நெற்றிக்கண்போல் சிறுத்த அந்த 'மலபாரிகா' துளையுடலியும் அதன் கோடானுகோடி தோழர்களும் சேர்ந்து கட்டிய கல்லோ, நயினாதீவுக்கு வரும் அடியவருக்கும் நெடுந்தீவுக் குடியானவருக்கும் ஊர்காவற்துறைக் குழந்தைக்கும் இன்றும் தண்ணீர் தந்துகொண்டிருக்கிறது. 2 கோடி ஆண்டுகள் எடுத்து உருவான ஒன்றை ஒரு தலைமுறை இழந்துவிடுமாயின், அடுத்த தலைமுறை அந்தத் தீவுகளில் வாழ இயலாது. அதைக் காக்கும் பொறுப்பு அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கும் நீரிறைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சமமாக உண்டு.